முதலில் சீட்டை ஏற்றுங்கள்

கேள்வி: வீடு மடிப்பாக்கம், ஆபீஸ் தரமணி. 7 கி.மீ. தூரம், வயது 44. மகன் விட்டுப்போன கியர் சைக்கிளை எடுத்து நாலு நாள் ஆபீஸ் போய்வந்தேன். முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது. சட்டையும் வேர்வையில் தொப்பலாகிவிடுகிறது. இந்த வயதில் இது தேவைதானா?

பதில்: வயது மேல் பழி போடுவதற்கு முன் சீட்டைப் பாருங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா? அப்படியானால் சீட் ரொம்பத் தாழ்வு. பெடல் மேலே வரும்போதெல்லாம் முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது, பாரம் முழுக்க முழங்கால் சில்லின் மேல் விழுகிறது. என்னிடம் முட்டி வலி என்று வருகிறவர்களில் பலருக்கு நான் செய்வது ஸ்பேனர் வைத்தியம்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிவரை இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும். அதற்காக இடுப்பு ஒரு பக்கம் சாயவும் கூடாது. ஓட்டும்போது முன்பாதத்தால்தானே மிதிப்போம், அப்போது முட்டியில் லேசான மடக்கம் மிஞ்சும். அதுதான் உங்கள் உயரம். பழகும்வரை தினம் ஒரு விரற்கடையாக ஏற்றுங்கள். சீட் கம்பியில் எல்லைக்கோடு ஒன்று இருக்கும், அது வெளியே தெரியக் கூடாது. சிக்னலில் என்ன செய்வது என்கிறீர்களா? சீட்டைவிட்டு முன்னால் இறங்கி நில்லுங்கள்.

இன்னொன்று, கனத்த கியரில் முக்கி மிதிப்பது. லேசான கியருக்கு மாறி வேகமாகச் சுற்றுங்கள். 15 வினாடியில் வலது முட்டி 18 முதல் 20 தடவை மேலே வந்தால் சரி. இவ்வளவும் செய்து இரண்டு வாரத்தில் வலி அடங்காவிட்டாலோ, வீக்கம் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சென்னைப் புழுக்கத்தில் வேர்க்காமல் வழியில்லை. ஆனால் முதுகுப் பையைக் கழற்றிக் கேரியரில் கட்டினாலே பாதி நிம்மதி. ஏழரைக்குக் கிளம்பி, கடைசி ஒரு கிலோமீட்டரை உருட்டிக்கொண்டு போவதுபோல் ஓட்டுங்கள். போனதும் பத்து நிமிடம் ஃபேனடியில் நின்றுவிட்டுச் சட்டை மாற்றுங்கள். உடல் சூடு தணியுமுன் மாற்றினால் அந்தச் சட்டையும் நனையும். நான் முதல் மாதம் முழுக்கச் செய்த தப்பு இது.

டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று அதன் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்று குறைந்த டயரை மிதிப்பது மணலில் ஓட்டுவதுபோல.

ரோட்டில் ஓரத்தை ஒட்டியே போகாதீர்கள். நிறுத்தியிருக்கும் காரிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே ஓட்டுங்கள். யார் எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாது. ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழையவே வேண்டாம். இருட்டுவதற்குள் பின் சிவப்பு விளக்கு எரியட்டும். மழையில் ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கட்டையால் கவ்வும் பிரேக்) தாமதமாகத்தான் பிடிக்கும், முன்கூட்டியே அழுத்துங்கள். வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் தேங்கிய நாளில், தினம் போகிற ரோடுதானே என்று நம்பிச் சைக்கிளை விடாதீர்கள். பள்ளமும் மூடி திறந்த சாக்கடைக் குழியும் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்குப் பஸ்ஸில் போங்கள்.