மாதம் இருமுறை விமானம் ஏறுபவருக்கு எந்தத் திட்டம்?

வணக்கம். எச்1பி விசாவில் சிகாகோவில் இருப்பதாகவும், மாதம் இரண்டு முறை வேலையாகப் பறப்பதாகவும், விமான நிலைய வரிசையைக் குறைக்கும் தனியார் சேவையான கிளியர் பிளஸுக்குப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

என்னைக் கேட்டால், முதலில் குளோபல் என்ட்ரி வாங்குங்கள்; வெளிநாட்டிலிருந்து அமெரிக்கா திரும்பும்போது குடிநுழைவுச் சோதனையைச் சீக்கிரம் முடிக்க உதவும் அரசுத் திட்டம் அது. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையை எளிதாக்கும் டிஎஸ்ஏ பிரீசெக்கை மட்டும் தனியாக வாங்க அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். குளோபல் என்ட்ரிக்கு இந்திய பாஸ்போர்ட்காரர்களும் விண்ணப்பிக்கலாம். பிரீசெக் அதற்குள்ளேயே வந்துவிடும். 5 வருடத்துக்கு 120 டாலர். உங்கள் கணக்குப்படி, போகவும் வரவும் சேர்த்து, ஐந்து வருடத்தில் 240 சோதனைகள், அதாவது ஒரு தடவைக்கு அரை டாலர். பல கிரெடிட் கார்டுகள் அந்தக் கட்டணத்தையும் திருப்பித் தருகின்றன.

கிளியர் வருடத்துக்கே 200 டாலருக்கு மேல். அது அடையாள அட்டை பார்க்கும் வரிசையை மட்டும்தான் குறைக்கும். பிரீசெக் இல்லாவிட்டால், அப்புறம் லேப்டாப்பை வெளியே எடுத்து, பெல்ட்டைக் கழற்றி, எல்லோரோடும் நிற்க வேண்டியதுதான். அதற்குச் சொந்தக் காசு வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குளோபல் என்ட்ரி அட்டையின் பின்புறம் உள்ள பாஸ்ஐடி என்ற உங்கள் உறுப்பினர் எண்ணை ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஏற்ற வேண்டும். அலுவலக டிராவல் தளத்தில் என் எண்ணும் இருந்தது, ஆனால் அப்பா பெயரை முன்னால் போட்டிருந்தார்கள். போர்டிங் பாஸில் பிரீசெக் குறி வரவில்லை. திங்கள் காலை நீள வரிசையில் நின்றேன். இனிஷியல் வைத்த நம் பெயர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே இன்றைக்கே திருத்தி வையுங்கள்.