கார்டியன் இல்லையென்றாலும் தம்பிக்காக நீங்கள் புகார் கொடுக்கலாம்

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன், ஏழெட்டு வார்த்தைக்கு மேல் பேச்சு வராது. அம்மா இறந்த பிறகு மூன்று வருடமாக ஒரு தனியார் காப்பகத்தில் இருக்கிறான். மாதம் 12,000 ரூபாய் கட்டுகிறேன். இந்த வருடம் ஆள் பாதியாகிவிட்டான். மணிக்கட்டில் கட்டிப்போட்டதுபோலத் தழும்பு இருக்கிறது. என்னை வரவேற்பறையைத் தாண்டி உள்ளே விடுவதில்லை. "அரசு ஆய்வு செய்து சான்றிதழ் கொடுத்திருக்கிறது. நீங்கள் கார்டியனும் இல்லை. பிடிக்கவில்லையென்றால் கூட்டிப்போங்கள்" என்கிறார்கள். நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: "கூட்டிப்போங்கள்" என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் எத்தனையோ குடும்பங்கள் வாய் திறப்பதில்லை. அதனால் முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இப்படி ஒரு இல்லத்தை நடத்த முடியாது. நிபந்தனைகளை மீறினால் விசாரித்து அதை ரத்து செய்யவும் முடியும் (பிரிவு 52). அப்படி ரத்தானாலும் அங்கே இருப்பவர்களைத் தெருவில் விட முடியாது. குடும்பத்திடமோ சட்டப்படியான பாதுகாவலரிடமோ ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு இல்லத்துக்கு மாற்ற வேண்டும். சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள்.

அந்தச் சான்றிதழ் இருப்பதாலேயே உள்ளே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று ஆகிவிடாது. அதிகாரிகள் வருகிற அன்று தரை கழுவியிருக்கும், சாம்பாரில் காய் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்கள், யாருக்குத் தூக்க மாத்திரை கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரியாது. அடிக்கடி போய் வருகிற உங்களைப் போன்றவர்கள் கண்ணில்தான் அது படும்.

சரி, கார்டியன் விஷயம். 18 வயதுக்குப் பிறகு அக்கா மட்டுமல்ல, பெற்றோரேகூடத் தானாகச் சட்டப் பாதுகாவலர் ஆவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்கீழ் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் பெற வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் போடுங்கள். ஆனால் அது வரும்வரை காத்திருக்காதீர்கள். 2016 சட்டத்தின் 7-ஆம் பிரிவு, கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் அந்தப் பகுதியின் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம் என்கிறது. நம் ஊரில் கோட்டாட்சியரும் தாசில்தாரும் நிர்வாக நடுவர்கள்தான். கொடுமையைத் தடுக்கவும், தேவைப்பட்டால் காவல்துறை மூலம் பாதிக்கப்பட்டவரை மீட்கவும் நிர்வாக நடுவர் உத்தரவிடலாம்.

நிர்வாக நடுவருக்கு மனு எழுதும் முன் தம்பியை ஒரு நாள் வெளியே அழைத்துவந்து அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். எடை, மணிக்கட்டுத் தழும்பு இரண்டையும் மருத்துவர் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். பழைய எடைச் சீட்டு, தேதியோடு படங்கள் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். "சரியாகக் கவனிப்பதில்லை" என்று மட்டும் எழுதினால் அந்த மனு கோப்பில் தூங்கிவிடும். எடைப் பதிவேடு, மாத்திரைப் பதிவேடு, இரவுப் பணியாளர் பட்டியல், தம்பி படுக்கும் அறை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்க்கும்படி கேளுங்கள். ஒரு பிரதி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும், இன்னொன்று மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் போகட்டும். கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

தழும்பு கட்டிப்போட்டதால் வந்தது என்றால் அது கவனக்குறைவு அல்ல, குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்ட நிலையில் தீயில் சிக்கி, 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஒருவரைக் கட்டிவைத்துக்கொண்டு "பாதுகாப்புக்காக" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே உணவையோ தண்ணீரையோ மறுத்தால் 2016 சட்டத்தின் பிரிவு 92-இன்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருடம்வரை சிறை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது இந்தப் பிரிவை எழுதியே கொடுங்கள்.

ஒருவேளை தம்பியைப் பார்க்கவே விடாமல் மறைத்தால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். 2023-இல் விழுப்புரம் மாவட்டத்தில் அனுமதியின்றி நடந்த ஒரு காப்பகத்தின் நிலைமை வெளியே வந்ததும் அப்படி ஒரு மனுவால்தான். வக்கீல் கட்டணத்துக்குப் பயப்படாதீர்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

அப்புறம், தம்பியிடமும் கேளுங்கள். ஏழெட்டு வார்த்தையில் சொல்ல முடியாததை அவர் வேறு விதமாகச் சொல்வார். எந்த ஊழியர் வந்தால் ஒடுங்குகிறார், திரும்பிப் போகும்போது வாசலில் கால் பின்வாங்குகிறதா என்று பார்த்துத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அதிகாரி விசாரிக்க வரும்போது, தம்பிக்குப் பழக்கமான சிறப்பாசிரியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.