எலி தூங்கியது சரி, நமக்கு?

கேள்வி: எனக்கு வயது 58. படுத்தால் ஒரு மணி நேரம் புரண்டுகொண்டே இருக்கிறேன். கடையில் வாங்கிய லாவெண்டர் எண்ணெய்ப் புட்டியில் 'தூக்கம் தரும், ஆய்வில் நிரூபணம்' என்று போட்டிருக்கிறது. இதையெல்லாம் எப்படிச் சோதிக்கிறார்கள்? நம்பலாமா? நான்கு வயதுப் பேரன் பக்கத்தில்தான் படுக்கிறான்.

பதில்: மூலிகை எண்ணெய்களுக்கு முதல் சோதனை பெரும்பாலும் சுண்டெலியிடம்தான். எண்ணெயைக் கொடுத்துச் சிறிது நேரம் கழித்து, பென்டோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். எலியை மல்லாக்கப் போட்டால் சட்டென்று புரண்டு எழுந்துவிடும். எப்போது எழாமல் அப்படியே கிடக்கிறதோ அப்போது கடிகாரத்தை ஓடவிட்டு, மறுபடி புரண்டு காலூன்றும்போது நிறுத்துவார்கள். எண்ணெய் கொடுத்த எலி மற்றவற்றைவிட அதிக நேரம் கிடந்தால், 'தூக்கமூட்டும் குணம் உண்டு' என்று எழுதிவிடலாம்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த மருந்தைச் சிதைப்பது கல்லீரல். எண்ணெய் அந்த வேலையை மந்தப்படுத்தினாலும் எலி கூடுதலாகத் தூங்கும். மூளையை எண்ணெய் தொட்டே இருக்காது. மூளை அலைப் பதிவும் சேர்ந்து வந்தால்தான் நான் அதை நம்புவேன்.

லாவெண்டரில் விஷயமே இல்லை என்று சொல்லவில்லை. 1991இல் வியன்னாவில், அதன் ஆவியை முகர்ந்த எலிகளின் ஓட்டம் குறைந்தது. காஃபீன் கொடுத்துத் துள்ளவிட்டவைகூட அடங்கின. 2018இல் ஜப்பானின் ககோஷிமாவில், லாவெண்டரில் இருக்கும் லினலூல் என்ற மணப்பொருளின் வாசனை எலிகளின் பதற்றத்தைக் குறைத்தது. மோப்ப சக்தியை இழந்த எலிகளிடம் அது பலிக்கவில்லை. அதாவது, வாசனை தெரிந்தால்தான் வேலை.

மனிதர்களிடம் ஓரளவு நன்றாகச் சோதிக்கப்பட்டது, ஜெர்மனியில் விற்கும் 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் மாத்திரை. அதுவும் முக்கியமாகப் பதற்றத்துக்கு. உங்கள் புட்டி அது அல்ல. அதை வாயில் விடவே கூடாது. முகர்ந்து பார்க்கும் ஆய்வுகளில் வேறொரு சிக்கல்: எண்ணெய் கிடைத்தது யாருக்கு என்று தெரிந்தால், அந்த நம்பிக்கையே தூக்கம் தந்துவிடலாம். ஆனால் வாசனையை எப்படி மறைப்பது? முகர்ந்தவருக்கே தெரிந்துவிடுமே!

நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு வாரம், தினமும் காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுத் தலைமாட்டில் வையுங்கள். பூ விழுந்தால் வேண்டாம். படுத்த நேரம், தூங்க எவ்வளவு நேரமானது, எத்தனை முறை விழித்தீர்கள் என்று காலையில் குறித்து வையுங்கள். நள்ளிரவில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், உத்தேசம் போதும். இரண்டு வகை இரவுக்கும் வித்தியாசமே தெரியாவிட்டால் அடுத்த புட்டிக்குக் காசு போடாதீர்கள். வாரத்தில் மூன்று இரவாவது இப்படி ஆகி மூன்று மாதம் தாண்டியிருந்தால், அல்லது பலத்த குறட்டை இருந்தால், எண்ணெயை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் பேரன். அவன் மேல் பூச வேண்டாம், புட்டியைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். லேபிளில் 'லாவாண்டுலா அங்குஸ்டிஃபோலியா' என்ற செடி வகைப் பெயர் இருக்கிறதா பாருங்கள். வேறு சில லாவெண்டர் வகைகளில் கற்பூரம் அதிகம். கற்பூரமும் நீலகிரித் தைலமும் குழந்தைகளுக்கு வலிப்பு வரவைக்கக்கூடியவை. வாசனைக்காக அவற்றை இதோடு கலந்துவிடாதீர்கள்.