கூட்டம் சேர்ந்ததும் ஆயுதத்தைக் கீழே வைக்கும் கிருமி

கேள்வி: பாக்டீரியாக்கள் தமக்குள் செய்தி பரிமாறி, போதிய எண்ணிக்கை சேர்ந்த பிறகே நம்மைத் தாக்குகின்றன என்று படித்தேன். காலராக் கிருமியும் அப்படித்தானா? – கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: நீங்கள் படித்தது பல கிருமிகளுக்குப் பொருந்தும். தீக்காயங்களில் தொற்றும் சூடோமோனாஸ் ஏருஜினோசா, தன் நச்சுப்பொருள்கள் பலவற்றைக் கூட்டம் பெருகும்வரை அடக்கியே வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாக்டீரியாவும் சிறிய வேதிமூலக்கூறுகளைச் சுற்றுப்புறத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் பெருகப் பெருக அவற்றின் செறிவும் ஏறி, ஓர் அளவைத் தாண்டும்போது மரபணுக்களின் செயல்பாடு மாறுகிறது. கூட்டம் நடத்தக் 'கோரம்' வேண்டும் என்கிறோமே, அச்சொல்லைக் கொண்டே 1994இல் இதற்குக் 'கோரம் சென்சிங்' என்று பெயரிட்டார்கள்.

காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரேவோ இதைத் தலைகீழாகச் செய்கிறது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதுதான் அது நச்சைச் சுரக்கிறது. குடலில் ஒட்டிக்கொள்ள உதவும் இழைகளை வளர்க்கிறது. உயிரிப்படலத்தையும், அதாவது தானே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக ஒட்டி வாழும் அமைப்பையும், கட்டுகிறது. இரைப்பையின் அமிலத்தைத் தாங்கிக் குடலை அடைய அப்படலம் பெரிதும் உதவுகிறது. நீர்நிலைகளில் இக்கிருமி நுண்ணிய மிதவை உயிரிகளின் ஓட்டில் ஒட்டி வாழ்வதால், வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் பழைய சேலையை நான்காக மடித்துத் தண்ணீரை வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த எளிமை என்னை இன்றும் நெகிழவைக்கிறது.

குடலில் கிருமிகள் பெருகிச் செறிவு ஏறியதும் 'ஹாப்ஆர்' என்ற புரதம் உருவாகி, நச்சு உற்பத்தியையும் படலம் கட்டுவதையும் ஒருசேர நிறுத்துகிறது. அதோடு, பிடியை விட்டு விலக உதவும் ஒரு நொதியையும் சுரக்கச் செய்கிறது. காலரா சில நாள்களில் முடிந்துவிடும் நோய். ஆகவே கோடிக்கணக்கில் பெருகிய கிருமிக்கு அந்த உடலில் தங்குவதைவிட, பேதியோடு வெளியேறி அடுத்தவரைச் சேர்வதே ஆதாயம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். எனக்கும் அதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

இதைக் கொண்டு கிருமியை ஏமாற்றவும் முடிந்திருக்கிறது. காலராக் கிருமியின் சமிக்ஞை மூலக்கூறைச் சுரக்கும்படி மாற்றப்பட்ட, தீங்கற்ற ஈ.கோலை பாக்டீரியாவை எலிக்குட்டிகளுக்கு முன்கூட்டியே ஊட்டியபோது, பின்னர் தொற்று ஏற்பட்டும் அவற்றில் மிகப் பல பிழைத்தன என்று 2010இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நோய் தொடங்கும் முன்பே ஊட்டவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்; காலரா கண்டவருக்கு முதலில் தரவேண்டியது உப்பு-சர்க்கரைக் கரைசல்தான்.