கறுப்பு போஸ்ட் போட்ட பல்லு எவ்வளவு காலம் தாங்கும்?

கேள்வி: வணக்கம் டொக்டர். 2003ல பாரிஸ்ல இருக்கேக்க மேல் முன்பல்லு ஒண்டுக்கு ரூட் கனால் செய்து, உள்ளுக்கு கார்பன் ஃபைபர் போஸ்ட் எண்டு ஒரு கறுப்புக் குச்சி வைச்சு மேல கிரவுன் எண்ட பல் மூடி போட்டவை. இப்ப திருமலைக்கே வந்திட்டன். இஞ்ச எக்ஸ்ரே எடுத்தா போஸ்ட் இருக்கிற இடம் வெறும் ஓட்டை மாதிரித்தான் தெரியுது. நோவு ஒண்டும் இல்ல. கழட்டி மாத்த வேணுமோ?
— வாசகி, உவர்மலை

பதில்: கழட்ட வேணாம் அக்கா. அந்த ஓட்டைதான் உங்கட போஸ்ட். கார்பன் எக்ஸ்ரேயில பிடிபடாது, அந்தக் காலத்துப் போஸ்டுகள் கனக்க இப்பிடித்தான், மெட்டல் எண்டா பளிச்செண்டு வெள்ளையாத் தெரியும். அடுத்த முறை எந்த டொக்டரிட்டப் போனாலும் உள்ளுக்கு கார்பன் இருக்கெண்டு முதலே சொல்லுங்கோ, இல்லாட்டி ரூட் கனாலை ஆரோ அரைகுறையா விட்டிட்டினம் எண்டு நினைச்சுத் திரும்பத் தோண்டத் தொடங்கிடுவினம்.

இது பிரான்ஸில துரே எண்ட பல் வைத்தியரும் அவரோட வேலை செய்த ஆக்களும் 1990 அளவில கொண்டு வந்த சாமான். பல்லின்ர டென்டின், அதாவது வெளி எனாமலுக்கு உள்ளுக்கு இருக்கிற பாகம், ஓரளவு வளைஞ்சு குடுக்கும், ஸ்டீல் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல விறைப்பு, அதால மெட்டல் போஸ்ட் வைச்ச பல்லில கடிக்கிற பாரம் ஒரு இடத்தில குவிஞ்சு வேரே பிளந்து போறது உண்டு, வேர் பிளந்தா பிறகு பல்லைப் புடுங்கத்தான் வேணும். கார்பன் பல்லோட சேந்து கொஞ்சம் வளையும் எண்டதுதான் அவையின்ர கணக்கு.

கணக்கு சரி வந்ததோ எண்டு கேட்டா, பாதி வந்தது. 2000ல இத்தாலியில வந்த ஆய்வில 4 வருசத்துக்குப் பிறகு கார்பன் போட்ட 100 பல்லில 95 நல்லா இருந்தது, வார்ப்பு மெட்டல் போட்ட 100ல 84. எல்லாரும் துள்ளினம். பிறகு 2006ல சுவீடன்ல 99 பல்லைச் சராசரி 6.7 வருசம் கழிச்சுப் பாத்தா 65 வீதம்தான் சரி. இங்கிலாந்தில 2003ல வந்த ஒரு சின்ன ஆய்விலயும் மெட்டல்தான் முந்தினது. என்னைக் கேட்டா, குச்சியை விட ஈறுக்கு மேல மிஞ்சின சொந்தப் பல்லுத்தான் பெரிய விசயம். சுத்திவர ஒரு 2 மில்லிமீற்றர் உயரத்துக்கெண்டாலும் நல்ல பல்லு இருந்து கிரவுன் அதைப் பிடிச்சிருந்தா பயமில்ல. அது இல்லாட்டி வளையிற போஸ்டோட கிரவுனும் நுணுக்கமா ஆடி, ஒட்டின சீமெந்து கழண்டு, இடுக்கால எச்சில் இறங்கி உள்ளுக்குச் சொத்தை வரும். நரம்பு இல்லாத பல்லு, நோகவும் மாட்டுது.

அதால நோவுக்காகப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. கிரவுன் லேசா ஆடுதோ, கெட்ட மணம் வருதோ, ஈறில சின்னக் கொப்புளம் வந்து வந்து போகுதோ, அப்பிடியெண்டா உடன போங்கோ. இல்லாட்டி வருசத்துக்கொருக்கா காட்டினாப் போதும். போஸ்ட் கழண்டாலும் பல்லு மிஞ்சி இருந்தாத் திரும்ப ஒட்டலாம்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் டொக்டர். வாப்பாட கடவாய்ப் பல்லுக்கு போஸ்ட் வேணுமாம். கார்பன் கேட்டு வாங்கட்டா?
— கிண்ணியா வாசகர்

பதில்: வ அலைக்கும் ஸலாம் தம்பி. கார்பனைத் தேடித் திரியாதீங்க, இப்ப அந்த இடத்துக்கு வெள்ளைக் கிளாஸ் ஃபைபர் வந்திட்டு. கறுப்பு, கிரவுனுக்குள்ளால நிழல் அடிக்கும் எண்டதுதான் அதுக்கு முக்கியமான காரணம். அதோட கடவாய்ப் பல்லில சுவர் நல்லா மிஞ்சியிருந்தா போஸ்டே தேவைப்படாமப் போகலாம், அதை முதல்ல கேளுங்க.

கேள்வி: போஸ்ட் போட்டா பல்லு பலமாகும்தானே, நண்டுக்கால் கடிக்கலாமோ?
— நிலாவெளி வாசகர்

பதில்: பலமாகாது. போஸ்ட், கிரவுனைத் தாங்கக் கட்டுற மேல் பாகத்தைப் பிடிச்சு வைக்க மட்டும்தான், அதுக்கு இடம் எடுக்கேக்க பல்லு இன்னும் கொஞ்சம் மெலியும். நண்டுக்காலை அம்மிக் குழவியால தட்டிச் சாப்பிடுங்கோ.