பாட்டியின் காம்பராவுக்குச் சன்னல் இருந்ததா?

அன்புள்ள ஐயா,

கூடலூர் பக்கத்துக்காரன் நான். சென்னையில் ஓவியம் படிக்கிறேன். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ கல்லூரி நூலகத்தில் கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் வீடுகளின் தரைப்படம். இது கலையா, ஆவணமா? ஓவியனுக்கு அரசியல் அவசியமா? என் பாட்டி சிலோனிலிருந்து தாயகம் திரும்பியவர். அந்த வேரறுந்த வலியை, அடையாளச் சிக்கலை ஓவிய வரிசையாகச் செய்ய ஆசை. ஆனால் ‘சிலோன்காரன்’ என்ற முத்திரை என்மேல் விழுந்துவிடுமோ என்று பயம். பிநாலே எனும் பெரிய கலைக் கண்காட்சிகளில் இந்த மாதிரிப் படைப்புகளுக்குத்தான் இப்போது மதிப்பு என்கிறார்கள். அதுவும் உறுத்துகிறது.

க.
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொல்லும் புத்தகத்தைப் போன மாதம்தான் மறுபடி எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

பிநாலே, மதிப்பு, விலை எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். படிக்கிற வயதில் அது உங்கள் வேலை இல்லை. கலையா ஆவணமா என்பதும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள்மேல் எனக்குக் கோபம். நீங்கள் அனுப்பியது நான்கு பக்கக் கடிதம். அதில் ‘வலி’ பதினொரு இடத்தில் வருகிறது, ‘வேர்’ ஏழு இடத்தில். உட்கார்ந்து எண்ணினேன். உங்கள் பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்று ஒரு இடத்தில்கூட இல்லை. எந்த டிவிசன், லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) எத்தனையாவது காம்பரா (அறை), எதுவும் இல்லை. கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதாமல் இருந்திருக்க மாட்டீர்கள். பெயர் தெரியாத இடத்தைப் பற்றி உங்களுக்கு என்ன வலி தம்பி?

சனாதனன் என்ன செய்தார் என்று பாருங்கள். வடக்கிலும் கிழக்கிலும் போரால் இடம்பெயர்ந்தவர்களிடம், தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் போய், விட்டு வந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அப்படிச் சேர்ந்த 80 தரைப்படங்கள்தான் 2011ல் புத்தகமாக வந்தன. அவர்கள் கைப்பட வரைந்தது, அதையே கட்டிடப் படமாக அளவோடு போட்டது, அப்புறம் அவருடைய சொந்த ஓவியம் என்று ஒவ்வொரு வீடும் மூன்று தடவை வருகிறது. உங்கள் துயரத்தைச் சொல்லுங்கள் என்று அவர் கேட்கவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார். 1990 அக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் ஒருவரிடம், 1995 அக்டோபர் கடைசியில் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போன ஒருவரிடம், இதைவிட மரியாதையான கேள்வி எதைக் கேட்க முடியும்? அரசியல் அவசியமா என்று கேட்டீர்களே, அந்தக் கோடுகளில் அது தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதில் எனக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு.

என் அம்மா இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1964ல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை அப்போதைக்கு விட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்து 1974ல் அவர்களையும் பாதிக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அம்மா முதல் கணக்கில் வந்தவள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க வந்து சேர்ந்தாள். கையில் இருந்த குடும்ப அட்டையில் பெயர், வயது, உறவுமுறை எல்லாம் இருந்தது. எந்தக் காம்பராவில் இருந்தாள் என்று அதில் எதற்கு இருக்கப்போகிறது.

ஆடி மாத மழையில் வேலை இல்லாத நாட்களில், அடுப்புக்கரியை எடுத்து வீட்டுத் தரையில் அம்மா அந்தக் காம்பராவை வரைவாள். எனக்கு எட்டு ஒன்பது வயது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, அவ்வளவுதான். முன்னால் இஸ்தோப்பு. (திண்ணையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்.) இஸ்தோப்பின் ஓரத்தில் அடுப்பு, தாத்தா படுக்கிற இடம், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு எத்தனை எட்டு என்பது வரைக்கும் வரும். அதோடு நிறுத்த அவளால் முடியாது. லயத்தில் சுவர் பொதுச்சுவர், நம் சுவரைப் போட்டால் பக்கத்துக் காம்பராவுக்கும் ஒரு சுவர் போட்டாகிவிட்டது. அதனால் அடுத்த வீட்டைப் போடுவாள், அதற்கு அடுத்ததைப் போடுவாள், யார் யார் இருந்தார்கள் என்று பெயர் சொல்லிக்கொண்டே. பன்னிரண்டு காம்பரா உள்ள லயம், ஏழாவதில் எங்கள் வீட்டு வாசல்படி வந்துவிடும். மிச்சத்தை வாயாலேயே சொல்லி முடிப்பாள்.

கூடலூரிலிருந்து சின்னம்மா வந்தால் சண்டை. பின்சுவரில் சன்னல் இருந்தது என்பது சின்னம்மா. அம்மா சன்னலே இல்லை என்பாள், புகை போக வழியில்லாமல் கண் எரிந்தது தனக்கல்லவா தெரியும் என்பாள். இரண்டு பேரும் ஒரே காம்பராவில் வளர்ந்தவர்கள். ஒருத்தி கரியால் சன்னல் போடுவாள், இன்னொருத்தி கையால் அழிப்பாள்.

தோம்பு என்பது போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த நிலப்பதிவேடு. நிலம் இருந்தவனுக்குத்தான் அதில் இடம். யாழ்ப்பாணத்துக்காரருக்கு உறுதி, அதாவது நிலப் பத்திரம், இருந்தது, வீடு போய்விட்டது. நம் ஆட்களுக்கு அந்த உறுதியும் கிடையாது. அங்கே காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், இங்கே வந்த பிறகு குவார்ட்டர்ஸும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். அப்பா ஓய்வு பெற்ற அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தனக்குச் சொந்தமாக இல்லாத ஒரு அறையை எங்கள் அம்மா நாற்பது வருஷம் அங்குலம் அங்குலமாகப் பிசகாமல் வைத்திருந்தாள். இதை யார் வரைவது? எனக்கு வரைய வராது. நீங்கள் ஓவியம் படிக்கிறவர். அதனால்தான் இவ்வளவு கோபம்.

முத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிலோன்காரன் என்று சொல்லட்டுமே. எங்களை இங்கே ரேஷன் கடை வரிசையில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அம்மா திரும்பிப் பார்த்து “ஆமா, என்ன?” என்பாள்.

காலையில் நான் எழுந்திருப்பதற்குள் அம்மா தரையைச் சாணம் போட்டு மெழுகிவிடுவாள். ஒரு தடவைகூட அந்தக் கரிப்படத்தை நான் நோட்டில் படியெடுக்கவில்லை. பிற்பாடு, 2014ல் அவள் போவதற்கு இரண்டு வருஷம் முன்னால், பேப்பரும் பென்சிலும் கொடுத்து வரையச் சொன்னேன். கை நடுங்கி, ஒரு சதுரம் போட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

உங்கள் பாட்டிக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, ஞாபகம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கேன்வாஸ் வேண்டாம், சாக்கட்டி எடுத்துப் போங்கள். தரையில் உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள். அவர் சொல்வதற்குள் நீங்கள் கோடு இழுக்காதீர்கள். தோட்டத்தின் பெயரைக் கேட்கும்போது துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயரோடு விட்டுவிட வேண்டாம், நம் ஆட்கள் தமிழில் கூப்பிட்ட பெயர் தனியாக இருக்கும், அதையும் கேளுங்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் யார் என்றும் கேளுங்கள்.

அப்படியே பின்சுவரில் சன்னல் இருந்ததா என்று கேட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சின்னம்மாவுக்கு எண்பது வயது ஆகிறது, இன்னும் இருந்தது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.