பழைய சன் அல்ட்ரா 5: மதர்போர்டைச் சந்தேகிக்கும் முன்

கேள்வி: ஏலத்தில் சன் நிறுவனத்தின் பழைய வொர்க்ஸ்டேஷன் கணினியான அல்ட்ரா 5 பெட்டி ஒன்று எடுத்தேன். 333 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 128 எம்பி மெமரி, உள்ளே பழைய ஐடிஇ ஹார்டு டிஸ்க். ஆன் செய்தால் ஐடிபிராமில் (பெட்டியின் அடையாளம் பதிந்திருக்கும் பகுதி) உள்ளது செல்லாது என்று ஒரு வரி வருகிறது. ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப், எஃப் என்றே காட்டுகிறது. பிறகு டிஸ்க்கைத் தொடாமல், ஆர்ப் பாக்கெட்டுக்காகக் காத்திருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மதர்போர்டு போய்விட்டதா? எஸ்எஸ்டியும் கூடுதல் மெமரியும் போட நினைத்தேன். இதில் இன்னும் காசு போடலாமா?

பதில்: மதர்போர்டு போகவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறிக்கும் காரணம் ஒன்றே. போர்டில் சாக்கெட்டில் செருகிய ஒரு சிப் இருக்கும். 28 கால், உயரமான கருப்புத் தொப்பி, மேலே பார்கோடு ஸ்டிக்கர். எம்48டி59ஒய் என்பது அதன் எண். கடிகாரம், 8 கேபி மெமரி, அவற்றுக்கு உயிர் கொடுக்கும் லித்தியம் பேட்டரி மூன்றும் அந்தத் தொப்பிக்குள்ளேயே அடைபட்டிருக்கின்றன. அல்ட்ரா 5 வந்தது 1998இல். இத்தனை வருஷம் கழித்து அந்த பேட்டரி தீர்ந்துபோயிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

பெட்டியின் ஈதர்நெட் முகவரி, ஹோஸ்ட்ஐடி (பெட்டிக்கே உரிய அடையாள எண்), எந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற குறிப்பு எல்லாமே அந்த 8 கேபிக்குள்தான். பேட்டரி செத்தால் அங்கே குப்பைதான் மிஞ்சும். அந்தக் குப்பையில் பரிசோதனை சுவிட்ச் என்ற அமைப்பு 'ஆன்' என்று படிக்கப்பட்டுவிட்டால், பெட்டி மெதுவான சோதனைகளை ஓட்டிவிட்டு டிஸ்க்கை விட்டு நெட்வொர்க்கில் பூட் செய்யப் பார்க்கும். நெட்வொர்க்கில் தன் முகவரியைக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதைச் சொல்வதுதான் நீங்கள் பார்த்த ஆர்ப் வரி. நல்ல மதர்போர்டுகளை இந்த ஒரு வரிக்காகப் பழைய இரும்புக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

காசு செலவழிக்காமல் இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். சன் கீபோர்டில் ஸ்டாப் விசையோடு ஏ விசையை அழுத்தி, ஃபர்ம்வேரின் (போர்டிலேயே பதிந்த அடிப்படை மென்பொருள்) 'ஓகே' வரிக்கு வாருங்கள். அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும் செட்-டிஃபால்ட்ஸ் கட்டளையைக் கொடுத்துவிட்டு, எம்கேபி என்ற கட்டளையால் அடையாளத்தைக் கையாலேயே எழுதலாம். மொத்தம் 16 பைட், இடம் 0 முதல் எஃப் வரை. மதிப்பு, இடம், எம்கேபி என்ற வரிசையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். எண்கள் எல்லாம் பதினாறடிமானம் (9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை). 0ஆம் இடத்தில் 1. 1ஆம் இடத்தில் 80, அது இயந்திர வகை. 2 முதல் 4 வரை 8, 0, 20. இது சன் நிறுவனத்துக்கே உரிய ஈதர்நெட் முன்னொட்டு. 5, 6, 7ஆம் இடங்களில் உங்கள் பெட்டிக்கே உரிய மூன்று எண். 8 முதல் பி வரை உற்பத்தித் தேதி, அதற்கு நான்கு பூஜ்யம் போதும். சி, டி, இ இடங்கள் ஹோஸ்ட்ஐடிக்கு. முன்பு கொடுத்த அதே மூன்று எண்ணையே இங்கும் போடுங்கள்.

கடைசி இடமான எஃப்பில் வருவது சரிபார்ப்பு எண். முன்னால் உள்ள 15 பைட்டையும் எக்ஸ்-ஆர் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றானால் 0) செய்து கிடைப்பது அது. பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். ஆனால் நான் சொன்னபடி போட்டால் கணக்கே தேவையில்லை. ஒரே எண்ணை இரண்டு முறை எக்ஸ்-ஆர் செய்தால் அது தானாக அடிபட்டுப்போகும். மிஞ்சுவது 1, 80, 8, 20 நான்கும்தான். அவற்றின் எக்ஸ்-ஆர் ஏ9. உங்கள் மூன்று எண் எதுவானாலும் எஃப் இடத்தில் ஏ9 எழுதினால் சரியாக இருக்கும்.

அந்த மூன்று எண்ணை இஷ்டப்படி வைக்கும் முன் சிப்பின் ஸ்டிக்கரைப் பாருங்கள். பழைய எண் அதிலேயே அச்சாகியிருக்கும். அந்தக் காலத்து மென்பொருள் லைசென்ஸ்கள் பல ஹோஸ்ட்ஐடியோடு கட்டப்பட்டவை. டிஸ்க்கில் சிப் வடிவமைப்பு மென்பொருள் ஏதாவது இருந்தால், பழைய எண் திரும்பினால்தான் அது வாய் திறக்கும். ஸ்டிக்கரை இப்போதே போட்டோ எடுத்துவைத்துவிடுங்கள்.

இதை முடித்து பூட் டிஸ்க் என்று கொடுத்துப் பாருங்கள். டிஸ்க் சுழன்று சன்னின் இயங்குதளமான சொலாரிஸ் எழுந்தால், பெட்டியின் மற்ற உறுப்புகள் பெரும்பாலும் நலம் என்று நம்பலாம். ஆனால் எழுதியதெல்லாம் மின்சாரம் இருக்கும் வரைதான். கரன்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. நிரந்தரத் தீர்வு சிப்பை மாற்றுவது.

புதிது வாங்கும்போது அச்சிட்ட தேதிக் குறியைக் கேட்டு வாங்குங்கள். 9832 என்றிருந்தால் 1998இன் 32ஆவது வாரம். அது உங்களுடையதைப் போலவே செத்த பேட்டரி. 'புத்தம் புதிது' என்ற பெயரில் பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கியதையும் விற்கிறார்கள். தொப்பியை அரத்தால் தேய்த்து உள் பேட்டரியைத் துண்டித்து, சிஆர்2032 காசு பேட்டரிக்கு வயர் இழுப்பவர்களும் உண்டு. நன்றாகவே வேலை செய்யும், அடுத்த முறை பேட்டரி மாற்றவும் சுலபம். கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகமும் அதே தொப்பிக்குள் இருக்கிறது, அதன் இணைப்பை அறுத்துவிட்டால் கடிகாரம் போச்சு. சால்டரிங்கில் கை பழகாதவர் புது சிப்புக்கே போவது நல்லது. அசல் தயாரிப்பில் பேட்டரியை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை நிறுத்திவைத்தே அனுப்புவார்கள். ஓகே வரியில் வாட்ச்-கிளாக் என்ற கட்டளையைக் கொடுத்து நொடி ஓடவில்லை என்றால் பதறாதீர்கள். இயங்குதளத்தில் தேதியும் நேரமும் அமைத்தால் பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடும்.

இடையில் திரையே வராமல் போனால் கீபோர்டைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். கீபோர்டு இல்லை என்று கண்டால் பெட்டி தன் பேச்சையெல்லாம் முதல் சீரியல் போர்ட்டுக்குத் திருப்பிவிடும். பின்புறம் உள்ள 25 ஊசிக்காரன் அது. இன்னொரு கணினியோடு நேராக இணைக்கும் நல்-மோடம் கேபிள், 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை. மானிட்டரைக் குறை சொல்லிக்கொண்டு நாள் கடத்துவதைவிட, சோதனை எந்த வரியில் நின்றது என்று இங்கே படித்துவிடலாம். அங்கும் மௌனம் என்றால் டிஸ்க்குக்குப் போகும் பவர் கனெக்டரில் மீட்டர் வைத்துப் பாருங்கள்: சிவப்பில் 5 வோல்ட், மஞ்சளில் 12.

இனி மேம்படுத்தல். முதல் செலவு மெமரிக்கே போகட்டும். நான்கு ஸ்லாட், ஜோடி ஜோடியாக மட்டுமே நிரப்ப வேண்டும், ஜோடியில் இரண்டும் ஒரே அளவு. 168 ஊசி என்பதைப் பார்த்து பழைய பிசியின் எஸ்டிரேமை வாங்கிவிடாதீர்கள். இதற்கு வேண்டியது 3.3 வோல்ட், இசிசி (பிழை திருத்தும் வசதி) உள்ள இடிஓ என்ற பழைய மெமரி வகை. அல்ட்ரா 5க்கு நிறுவனம் சொன்ன உச்சம் 512 எம்பி, அதே மதர்போர்டு கொண்ட அல்ட்ரா 10க்கு 1 ஜிபி. வித்தியாசம் இடப் பிரச்சினைதான்: 256 எம்பி துண்டுகள் உயரமானவை, தட்டைப் பெட்டியில் பிளாப்பி டிரைவ் இடிக்கும். உங்கள் வேலைக்கு 512 போதும்.

எஸ்எஸ்டி பற்றி ஆசையை அளவாக வையுங்கள். போர்டில் உள்ள ஐடிஇ பாதைக்குச் சொல்லப்பட்ட உச்சம் நொடிக்கு 16.6 மெகாபைட். எவ்வளவு வேகமான எஸ்எஸ்டியை அடாப்டர் வைத்து மாட்டினாலும் அந்தக் குறுகிய சந்தில்தான் வர வேண்டும். தேடும் நேரம் குறைவதும் சத்தம் நிற்பதும் நிஜமான லாபம், அதற்காக மாட்டலாம். அளவு 120 ஜிபிக்குள் இருக்கட்டும், ஏனென்றால் 28 பிட் முகவரி 137 ஜிபியோடு முடிந்துவிடும். வேகத்துக்காக பிசிஐ ஸ்கஸி கார்டு (ஐடிஇக்கு மாற்றான டிஸ்க் இணைப்பு) போட நினைத்தால், எஃப்கோட் (சன் ஃபர்ம்வேருக்குப் புரியும் நிரல்) உள்ள சன் கார்டாகப் பார்த்து வாங்குங்கள். பிசிக்கான கார்டில் இருப்பது இன்டெல் மொழி பயாஸ். சன் ஃபர்ம்வேருக்கு அது புரியாது, எனவே அதில் மாட்டிய டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது.

பிராசசரை மாற்ற வேண்டாம். 333இல் 2 எம்பி வெளி கேஷ் (பிராசசர் அடிக்கடி தொடும் தரவுக்கான வேகமான மெமரி) உண்டு. 360இல் 256 கேபி மட்டுமே. எண்ணைப் பார்த்து 360 வாங்கியவர்கள் பல வேலைகளில் பின்னுக்குத்தான் போனார்கள். 400 கிடைத்தாலும் உங்களுக்குத் தெரியும் அளவுக்கு எதுவும் மாறாது.

இயங்குதளத்தில் சொலாரிஸ் 10 தான் இந்தப் பெட்டிக்குக் கடைசி. 11 இதை ஏற்காது. 10ஐப் போட்டால் கோப்பு முறையாக இசட்எஃப்எஸ் வேண்டாம், யுஎஃப்எஸ் போதும், இந்த மெமரிக்கு அதுவே பொருத்தம். காலத்தின் சுவையோடு ஓட வேண்டும் என்றால் என் தேர்வு சொலாரிஸ் 8. இணையத்தோடு இணைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் நெட்பிஎஸ்டி அல்லது ஓப்பன்பிஎஸ்டி.

எதைச் செய்வதற்கும் முன்னால் பழைய டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸ் பிசியில் மாட்டி, முழு நகல் ஒன்று எடுத்துவிடுங்கள். சன் வகை யுஎஃப்எஸ்ஸை லினக்ஸ் படிக்கும், படிக்க மட்டும் என்ற முறையில் மவுன்ட் செய்யுங்கள். 20 வருஷம் தாண்டிய டிஸ்க் இன்னொரு முறை சுழலும் என்று நம்பி உட்காராதீர்கள். ஏலத்தில் எடுத்த பெட்டி என்பதால் அதில் யாருடைய ஆய்வாவது, மாணவர் கோப்புகளாவது கிடக்கலாம். அவற்றை அழிக்கும் முன், கொடுத்த இடத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.